முளைப்பாரிக்கு முடி வெட்டிய கதை

சாமி நமக்குக் காது கொடுத்தது நல்லதைக் கேட்கத்தான். கேட்டதையெல்லாம் செய்யச் சொல்லி எந்தச் சாமியும் சொல்லவில்லை. இது எனக்குப் புரிவதற்குள் விளாங்குடியில் எங்கள் தெருவே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டது.

மகன் போன் வாங்கிக் கொடுத்த புதிதில், அடுப்படியில் நின்றபடி முன்னேற்றப் பேச்சாகக் கேட்டுத் தள்ளினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளிடம் கோட்டுப் போட்ட சார்கள் "நீங்கள் சாதிக்கப் பிறந்தவர்" என்று சொன்னால் கை சும்மா இருக்குமா? (ரசம் பொங்கி வழிந்ததுதான் முதல் சாதனை.)

அந்த வருஷம் மகனுக்கு வாடிப்பட்டியில் பெண் பேசியிருந்தோம். சம்மந்தியம்மா மகளோடு அம்மன் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். முளைப்பாரி செழித்தால் எடுக்கிற குடும்பமும் செழிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சம்மந்தியம்மாவுக்கு அந்த நம்பிக்கை என்னைவிட அதிகம். என் பாரி சோடை போனால் பெண் கொடுக்க யோசிப்பாரே!

சட்டியில் பயறு விதைத்து, இருட்டறையில் வைத்து, தண்ணீர் தெளித்து, கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் விட்டேனா? "அளக்காதது வளராது" என்றார் ஒரு சார். மகனுடைய பழைய ஸ்கேலோடு உள்ளே போனேன். "சராசரியைக் களையுங்கள்" என்றார் இன்னொரு சார். குட்டையாக இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டேன்.

"ஏன்டி, அது பயிரா, பரீட்சைக்குப் படிக்கிற புள்ளையா? சும்மா விடேன்டி!" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு முன்னேத்தம்னாலே ஆகாது" என்றேன்.

மிஞ்சியதும் மேடும் பள்ளமுமாக நின்றது. ஊர்வலத்துக்கு முதல் நாள், கத்தரிக்கோலால் மட்டம் செய்ய உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் வெட்டினால் அந்தப் பக்கம் உயரம். அந்தப் பக்கம் வெட்டினால் இந்தப் பக்கம்.

மறுநாள் மற்ற பெண்களின் தலையில் பயிர் இளமஞ்சளாகக் குலுங்கிக்கொண்டு போனது. என் தலையில் அறுத்த வயல் மாதிரி வெறும் அடித்தாள். எதிரே சம்மந்தியம்மா.

"என்ன சம்மந்தி, பாரியப் பழனிக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டு வந்தீகளா?"

தெருவே சிரித்தது. சட்டியைப் பிடித்த கையால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. "நாந்தேன் வெட்டுனேன் சம்மந்தி. உங்க கண்ணுக்கு ஒரு குறை தெரியக் கூடாதுன்னு... இத வச்சு எங்க குடும்பத்தை எடை போட்டுறாதீக" என்று நடுத்தெருவில் அழுதேவிட்டேன்.

அவர் முகம் இறுகியது. "சாமி காரியத்துல கத்தரிக்கோலா?" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னடி சொல்ற?"

அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "நமக்குப் பயந்துதானேம்மா இம்புட்டு வேலை பாத்திருக்காக! எனக்கு இந்த அத்தைதேன் வேணும். அத்தே, என் முடிய மட்டும் விட்டுருங்க."

அம்மன் புண்ணியத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை, வளர்ப்பது அம்மன் வேலை என்று விட்டுவிட்டேன். இப்போதும் பேச்சுக் கேட்கிறேன். ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன சாரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற சார்களையெல்லாம் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

போன மாதம் பேத்தியின் நெற்றி முடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கிடந்தது. நான் தலையைச் சாய்த்து லேசாகப் பார்த்தேன், அவ்வளவுதான். வாசலிலிருந்து வீட்டுக்காரர் மருமகளைப் பார்த்துக் கத்தினார்:

"புள்ளையத் தூக்கிட்டு ஓடு தாயி! கெழவி அளக்க ஆரம்பிச்சுட்டா!"