சுக்குவுக்குப் பத்தியம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கௌரவமான மனிதர், நாலு மாசமாக நாய்ச்சோறு தின்றுகொண்டிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அவர் பெயர் இசக்கிராஜா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கடையும் வீடுமாக நிமிர்ந்து நிற்கிறவர். மீன் இல்லாத சோற்றைச் சோறு என்றே ஒத்துக்கொள்ளாதவர். அப்பேர்ப்பட்டவருடைய தட்டில் உப்பில்லாத சோறு, வெந்த பூசணிக்காய், உதிர்த்த பனீர். அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் சுக்குவால் வந்தது. சுக்கு அவர் வீட்டு நாய். குட்டியாக இருந்தபோது கிட்டங்கியில் சுக்கு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது, அதனால் அந்தப் பெயர். அவர் சாப்பிட்டு எழுந்ததும் மீன் தலையெல்லாம் அதன் கிண்ணத்துக்குப் போகும். பெற்ற பிள்ளையைக் கூட அவர் அப்படிக் கொஞ்சியதில்லை.

ஒருநாள் மத்தியானம் மீன் தலையைத் தின்றுவிட்டுப் போன சுக்கு, பீரோவில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. "பீரோவை நகத்திப் போடப் பாக்குது போல" என்று இசக்கிராஜா சிரித்தார். பிறகு அது வட்டம் வட்டமாகச் சுற்றியது. எச்சில் ஒழுகியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ வழிப்போக்கனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தது. அவர் மனைவி சங்கரி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தேவராவில் இருக்கிற மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே மிருக டாக்டர் ஸ்நேஹா சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"லிவர் சரியில்லை. சாப்பாட்டிலிருந்து வர்ற விஷத்தை லிவர்தான் சுத்தம் பண்ணணும். பண்ணலேன்னா அது ரத்தத்துல கலந்து மூளைக்குப் போகும். அதான் தலையை முட்டுது."

"லிவர் வயித்துல இருக்கு. மூளை தலையில இருக்கு. இது எங்க, அது எங்க?"

"ரெண்டும் ஒரே உடம்புலதானே சேட்டா இருக்கு? இனி மீன், இறைச்சி தொடவே கூடாது. சோறு, பனீர், முட்டை, பூசணிக்காய். கொஞ்சம் கொஞ்சமா பல தடவை. கூடவே இந்த சிரப். பத்தியம் சரியா இருந்தா ரொம்ப காலம் நல்லா இருக்கும். தவறினா உயிருக்கே ஆபத்து."

லிவர் என்று கேட்டதும் சங்கரி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும். போன வருஷம் எர்ணாகுளத்து டாக்டர் ஒருவர், அவருடைய கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறது, எண்ணெயில் பொரித்ததை விடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அவரு கெடக்காரு" என்று இசக்கிராஜா திரும்பும் வழியிலேயே பொரித்த கரிமீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

சுக்குவை டாக்டரிடம் காட்டி வந்த மறுநாள், கடையிலிருந்து மூன்று மணிக்குச் சாப்பிட வந்தால், சுக்கு தன் கிண்ணத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

"என்னங்க, சுக்கு திங்க மாட்டேங்குது."

"பசிச்சா திங்கும்."

"நீங்க மீன் திங்குதீங்க, எனக்கு மட்டும் பூசணிக்காயான்னு கேக்குது."

"உங்கிட்ட வந்து கேட்டுச்சாக்கும்?"

"இந்தச் சோத்தை உங்க தட்டுல போட்டு நீங்க ஒரு வாய் தின்னு காட்டுங்க. அப்பத்தான் அதுக்கு நம்பிக்கை வரும்."

"ஏட்டி, நான் நாய்ச்சோறு திங்கணுமா?"

"அரிசி நம்ம அரிசி. பனீர் கடைப் பனீர். உப்பு மட்டுந்தான் இல்ல. பின்ன உங்க இஷ்டம். பட்டினி கெடந்தா அதுக்கு இன்னும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் ஒரு கவளத்தை விளக்கெண்ணெய் மாதிரி விழுங்கினார். அடுத்ததை நீட்டினார். சுக்கு வாலை ஆட்டிக்கொண்டு வாங்கித் தின்றது. சங்கரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? உங்க கைராசி!"

மனிதர் குளிர்ந்துபோனார். அன்றிலிருந்து ஆரம்பித்தது அந்தக் கொடுமை. அவர் ஒரு வாய், சுக்கு ஒரு வாய். அந்த சிரப்பையும் சேர்த்துக் குடிக்கச் சொல்லாமல் விட்டாளே, அதுவரைக்கும் புண்ணியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியவில்லை. ஓட்டலில் வாங்கிய கரிமீன் துண்டைச் சோற்றுக்கு அடியில் புதைத்து வைத்துத் தின்றார். பக்கத்தில் மோவாயை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு ஜீவன் பார்க்கிறது. இத்தனூண்டு என்ன செய்துவிடும் என்று அதற்கும் கிள்ளிப் போட்டார். சாயங்காலம் சுக்கு பழையபடி பீரோவோடு முட்டிக்கொண்டு நின்றது. அதை மடியில் கிடத்தி தேவராவுக்குப் போகிற வழியெல்லாம் அவர் அழுதார். ஆட்டோக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். சுக்கு பிழைத்தது. அதற்குப் பிறகு அவர் ஓட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. விரலில் மீன் மணம் இருந்தால் சுக்கு நக்கிவிடுமே என்கிற பயம்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டி வந்தது. எர்ணாகுளத்து டாக்டர் மறுபடி சோதித்துப் பார்த்து, கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். "தினமும் நடக்கேன் சார்" என்றார் இசக்கிராஜா. வீட்டிலிருந்து கடைக்கு நடக்கிறாரே, அதைச் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமைதான் குட்டு வெளிப்பட்டது. பக்கத்து வீட்டு கமலாக்ஷி சேச்சி மிளகு வாங்கக் கடைக்கு வந்தாள்.

"ராஜா, சங்கரியை மத்தியானம் உச்சைக்கு நேரத்தோட வரச் சொல்லு. இன்னைக்கு மத்தி கிட்டல, அயலைக்கறிதான்."

"அவ எதுக்கு சேச்சி வரணும்?"

"ஊணுக்குத்தான். தினமும் எங்க வீட்டுலதானே?"

இசக்கிராஜாவுக்கு மூக்கு விடைத்தது. "அப்ப சுக்குவுக்கு யாரு ஊட்டுதா?"

"நாய்க்கு யாராவது ஊட்டுவாங்களா? கிண்ணத்துல வச்சா போதும், நக்கித் துடைச்சிடும். பின்னே சங்கரி கூட வந்து எங்க வாசல்ல உறங்கும். அவ முன்னால எத்தனை மீன் இருந்தாலும் தலை தூக்கி நோக்காது. பாவம், நல்ல நாய்."

கடையை அப்படியே போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். வந்தார் என்பது தவறு. பாய்ந்தார்.

"நாலு மாசமா என் காதுல பூ சுத்தியிருக்க! அது தானாத் திங்குமாமே!"

சங்கரி மறுக்கவே இல்லை. "ஆமா. நீங்க வர்றதுக்கு முன்னாலயே வயிறு நெறயக் குடுத்திருவேன். பின்ன எப்படிக் கிண்ணத்துப் பக்கம் போகும்?"

"எதுக்குட்டி இந்த வேலை?"

"டாக்டர் உங்க லிவரைப் பத்திச் சொன்னப்ப கேட்டீங்களா? நான் அழுதேனே, கேட்டீங்களா? நாய்க்குன்னதும் கேட்டீங்க."

அவர் குனிந்து பெல்ட்டில் போட்ட புது ஓட்டையைப் பார்த்தார். பிறகு அயலைக்கறி ஞாபகம் வந்தது.

"நீ மட்டும் மீன் திங்கலாமோ?"

"எனக்குத்தான் லிவர்ல ஒண்ணும் இல்லையே."

"இப்ப எனக்கும் ஒண்ணும் இல்ல! நாளைக்கு என் தட்டுல கரிமீன் பொரியல் இருக்கணும். நாயும் ஆச்சு, நீயும் ஆச்சு. எவளுக்கும் எதுக்கும் நான் பயப்பட மாட்டேன்!"

"சரிங்க" என்றாள் சங்கரி. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற மனைவியைக் கண்டு எந்தப் புருஷனும் உஷாராக வேண்டாமா? அவர் ஆகவில்லை.

மறுநாள் மூன்று மணி. தட்டு நிறைய கரிமீன். மிளகு மணக்கிறது. இசக்கிராஜா கையைக் கழுவிவிட்டு ராஜாவாகவே உட்கார்ந்தார்.

சுக்கு எழுந்து வந்தது. முழங்காலில் மோவாயை வைத்தது. பார்த்தது.

அவர் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதுவும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமே வந்தது.

"ஏட்டி, இதைக் கொண்டுபோய்க் கட்டு."

"நீங்களே கட்டுங்க. உங்க கூட்டாளிதானே?"

கழுத்துப் பட்டையைப் பிடித்தார். சுக்கு அவர் விரலை நக்கிவிட்டு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அவர் ஒரு வாய், தான் ஒரு வாய். அதற்குத் தெரிந்த கணக்கு அதுதான். இசக்கிராஜா பீரோவைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டார்.

சங்கரி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். சுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் முள்ளை எடுத்து ஓரத்தில் வைக்கிற வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, இசக்கிராஜா தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் பனீர்ச் சோறு... கொஞ்சம் போல இருக்குமா?"

"அடுக்களையில மூடி வச்சிருக்கு" என்றாள் சங்கரி. "மீனை வாங்கிட்டு வந்ததும் முதல் வேலையா ரெண்டு பேருக்கும் சேத்துப் பெசைஞ்சு வச்சிட்டேன்."