பறத்தல் ஒருங்கிணைப்பாளரின் அறிக்கை

பறவைகள் பறப்பதே எங்கள் சங்கத்தால்தான் என்று சொன்னால் தற்பெருமை என்பீர்கள். இருக்கட்டும். எங்கள் அலமாரியில் உள்ள கோப்புகளை ஒருமுறை புரட்டிவிட்டு வந்து பேசுங்கள்.

'குளிர்காலப் பறவை நோக்கர் பேரவை'யில் மொத்தம் நாற்பத்தொரு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். எந்தப் பறவையானாலும் முதலில் அலகைத்தான் பார்ப்பார். அவருக்கு அடுத்த செல்வாக்கு 'பீரங்கி'க்கு. அவருடைய கேமரா லென்ஸின் நீளத்தைப் பார்த்து வைத்த பெயர். அவருக்கும் அதில் கொள்ளைப் பெருமை. நான் செயலாளர்.

எங்கள் பேரவையின் உயிர்நாடி விதி எண் ஏழு. அரிய பறவையைக் கண்டேன் என்று யாராவது சொன்னால் மற்ற சங்கங்கள் வெட்கமில்லாமல் நம்பிவிடுகின்றன. நாங்கள் நம்புவதில்லை. நிற்கும் படம், இரை தின்னும் படம், பறக்கும் படம் என்று மூன்றும் வேண்டும். அதையும் அந்தந்த உறுப்பினர் தம் கையாலேயே எடுத்திருக்க வேண்டும்.

முதல் இரண்டில் பிரச்சினை இல்லை. மூன்றாவது படத்துக்குத்தான் பறவைகள் ஒத்துழைப்பதில்லை. எங்கிருந்தோ வந்து இறங்குகின்றன. இறங்கியதும் சேற்றைக் கிளறிக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே நிற்கின்றன. பறவை என்ற பொறுப்பே கிடையாது. இந்தக் குறையைப் போக்கத்தான் பேரவை 'பறத்தல் ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவியை உருவாக்கியது. கேமராக்கள் தயாரானதும் அவர் கரைக்குப் போய், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பலமாகத் தட்ட வேண்டும். அந்தப் பதவியையும் நானே சுமக்கிறேன். ஊதியம் கிடையாது, சேவைதான்.

என் தங்கையின் கணவர் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். பேரவையில் உறுப்பினர் இல்லை. போன வருடக் குளிர்காலத்தில் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"மச்சான், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க நிலையத்துக்குப் பின்னாடி சேத்துக் குளம் இருக்கில்ல, அங்க வருது. அஞ்சு வருஷமா அதே குருவிதான். வலது கால் லேசா நொண்டும்."

பார்த்தேன். டீயைக் கீழே வைத்தேன். உள்ளான் இனத்தில் அது ஓர் அபூர்வ வகை. புத்தகத்தில் அதன் படத்துக்குக் கீழே 'எப்போதாவது வழிதவறி வரலாம்' என்று போட்டிருக்கும்.

"மாப்பிள்ளை, இது வழிதவறி வந்த பறவை."

"அஞ்சு வருஷமாவா?"

புத்தகம் படிக்காதவர்களோடு வாதாட முடியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "குளிர் ஆரம்பிச்சதும் வால்வைக் கொஞ்சம் தொறந்து தினமும் நாலு விரல் தண்ணி இறக்கி விடுவேன். அப்பதான் சேறு வெளிய தெரியும், புழு கிடைக்கும். வரும்போது எலும்பும் தோலுமா வருது மச்சான். கிளம்பறதுக்குள்ள உருண்டையா ஆகிடணும். இல்லன்னா கடலைத் தாண்டாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இவளுக்கு. இப்ப உங்களுக்கு."

சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் தட்டச்சுதான் செய்தேன், வரைபடத்தோடு.

ஆறு நிமிடத்தில் முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. பல் டாக்டர், "அலகு எப்படி?" என்று கேட்டார். அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. பறவைக்குத் துளியும் தொந்தரவு வரக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே குரலாக இருந்தார்கள். கண் கலங்கியவர்களும் உண்டு.

"நாப்பது பேரும் ஒண்ணா போய் நின்னா அது பயந்துடும்" என்றார் பல் டாக்டர்.

"அப்ப போக வேண்டாமா?" என்று கேட்டேன்.

"யாரு போக வேண்டாம்னா? அஞ்சஞ்சு பேரா போவோம். காலைல ஒரு குழு, சாயங்காலம் ஒரு குழு."

ஒரே ஒரு பயத்தை ஒன்பது தவணையாகப் பிரித்துக் கொடுக்கும் இந்தக் கருணை வேறு எந்தச் சங்கத்துக்கு வரும்? தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிலையத்தின் பொறியாளர் பீரங்கியின் சகலை. அனுமதிக் கடிதம் மறுநாளே வந்துவிட்டது.

கேட்டைத் திறந்துவிட வேண்டியவர் மாப்பிள்ளை. கடிதத்தைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், திறந்தார்.

அன்று மாலை தங்கை போன் செய்தாள். "உன்கிட்ட சொன்னதுக்குப் பதிலா அவர் மைக் வச்சே சொல்லியிருக்கலாம்ணா."

அறிவியல் முன்னேற்றத்தில் குடும்பத்தாரின் இந்த மாதிரிப் பேச்சுகளைப் பொருட்படுத்தக் கூடாது. நான் கை தட்டினேன். பறவை எழும்பி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நொண்டிக்கொண்டே இறங்கியது. உறுப்பினர்கள் மெய்மறந்து படம் எடுத்தார்கள். பீரங்கிக்கு மட்டும் படம் கலங்கிப்போனது.

"ஒன்ஸ் மோர், செயலாளரே."

தட்டினேன். அவருக்கு இறக்கையின் அடிப்பக்கம் சரியாக விழவில்லை. இன்னொரு முறை தட்டினேன். பல் டாக்டருக்கு அலகு மூடியிருந்தது. அதற்கும் தட்டினேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மச்சான், ஒரு தடவ எழும்பினா மறுபடி சேத்துல வாய் வைக்க அரை மணி நேரம் ஆகுது. தின்னதெல்லாம் பறந்தே தீந்துடுது. இது கிளம்ப இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. விட்டுடுங்களேன்."

"இன்னும் பதினாறு பேர்தான் பாக்கி, மாப்பிள்ளை."

அவர் அதற்குப் பிறகு கெஞ்சவில்லை. போய் வால்வை இன்னும் ஒரு விரல் திறந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதாவது குழு. அதில் நான் மட்டும்தான். நாற்பது பேருக்கும் தட்டிக்கொண்டிருந்ததில் என்னுடைய மூன்றாவது படத்தை நான் எடுக்கவே இல்லை. கையில் கேமரா இருக்கிறது. தட்ட ஆள் இல்லை.

"மாப்பிள்ளை, ஒரே ஒரு தடவ தட்டுங்களேன்."

அவர் இரண்டு கைகளையும் வால்வுச் சக்கரத்தின் மேல் வைத்தபடி நின்றார். எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் கேமராவைச் சுவரில் சாய்த்து, தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு, கரைக்கு ஓடிப்போய் நானே தட்டினேன். பறவை எழும்பியது. இந்த முறை சுற்றவில்லை. நேராகப் போனது. தெளிவான படம், மூலையில் தூக்கிய என் இரண்டு கைகளும் விழுந்திருக்கின்றன.

மாப்பிள்ளை இருட்டும் வரை குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தங்கை சொன்னாள்.

இந்தக் குளிர்காலத்தில் அது வரவில்லை. செய்தியை முறைப்படி பேரவைக்குத் தெரிவித்தேன். 'அரிய பறவை' என்ற பட்டியலில் இருந்ததை 'மிக அரிய பறவை' என்று உயர்த்தித் தீர்மானம் போட்டார்கள். ஒரே வருடத்தில் ஒரு பறவைக்கு இப்படிப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்ததற்காக எனக்குக் கேடயம் வழங்கினார்கள். விழா நேற்று நடந்தது. மேடைக்குப் பின்னால் நாலாள் உயரத்துக்கு அந்த மூன்றாவது படம்.

தங்கை மட்டும் வந்திருந்தாள்.

"மாப்பிள்ளை வரலையா?"

"வால்வைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கார். குளிர் முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்காம்."

அதற்குள் என் பெயரை அழைத்துவிட்டார்கள். பல் டாக்டர் கேடயத்தைக் கொடுத்தார். நாற்பது பேரும் எழுந்து நின்று, கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் தங்கை கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். படம் கலங்கிவிட்டது என்று பீரங்கி ஒன்ஸ் மோர் கேட்டார். மறுபடியும் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டும் நின்ற இடத்தைவிட்டு நகராமல், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்ற ஒரே ஜீவன் நான்தான்.