முதலில் யார் இறங்குவது?

ஐரோப்பாவில் இளம் நிறுவனங்களுக்குப் பணம் போடுகிறவர்கள் மகா துணிச்சல்காரர்கள். இதை அவர்களே பல மேடைகளில் அறிவித்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். வேறு யாராவது முதலில் இறங்க வேண்டும்.

பெர்லினில் நான் வேலை பார்க்கும் முதலீட்டு நிறுவனத்துக்கும் இதுவே கொள்கை. எங்கள் தலைவி கெசினாவைப் பார்க்க வீப்கே என்ற பெண் வந்தாள். பழைய கட்டடத்து லிஃப்ட் எப்போது நின்றுபோகும் என்று முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றைச் செய்திருந்தாள். கருவி ஒழுங்காக வேலை செய்தது. குறை சொல்லி அனுப்ப வழியில்லாததால் எங்களுக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆகஸ்ட் முடிவதற்குள் பணம் வராவிட்டால் நிறுவனத்தை மூட வேண்டும், கூட உழைக்கிற ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் மறைக்காமல் சொன்னாள்.

கெசினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு வீப்கே. நாங்க கண்டிப்பா வர்றோம். முதல்ல யார் இறங்குறா?"

வீப்கே பாரிஸுக்குப் போனாள். எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று குடைந்து குடைந்து விசாரித்துவிட்டு, பெர்லின் இறங்கினால் நாங்களும் இறங்குவோம் என்றார்கள். லிஸ்பனில் சுட்ட மத்தி மீனும் வைனும் தந்து, வெயிலின் பெருமையை எடுத்துரைத்து, பாரிஸ் வந்தால் தாங்களும் தயார் என்றார்கள். லிஸ்பன் தயார் என்று கேள்விப்பட்ட கெசினா, அப்படியானால் லிஸ்பனே இறங்கட்டும் என்றார். பூனைக்கு மணி கட்டியதும் கைதட்ட எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

ஜூன் கடைசியில் எல்லோரையும் இணையத்தில் ஒன்றாக உட்காரவைத்தாள் வீப்கே. ஹெல்சிங்கியிலிருந்து வெய்க்கோ என்ற பெரிய முதலீட்டாளரும் ஏரிக்கரை மரவீட்டிலிருந்து கலந்துகொண்டார். கேமராவை அணைத்திருந்ததால் திரையில் கறுப்புக் கட்டமும் பெயரும்தான். முதலில் இறங்குவது நீங்களா என்று ஒவ்வொருவரையும் கெசினா கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரும் பணிவோடு அடுத்தவரைக் காட்டினார்கள். வெய்க்கோவின் முறை வந்தது. சத்தமே இல்லை.

"வெய்க்கோ ஒண்ணும் மறுக்கலையே," என்றார் பாரிஸ்காரர் மெதுவாக.

"ஃபின்லாந்துக்காரங்க பிடிக்கலைன்னா பட்டுனு சொல்லிடுவாங்க," என்றார் கெசினா. "வாயே திறக்கலைன்னா முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்."

மௌனம் சம்மதம் என்று ஒரு கண்டமே ஒப்புக்கொண்டது. அந்த மௌனத்தில் ஓர் ஆழம் தெரிகிறது என்றார் லிஸ்பன்காரர். எனக்கும் தெரிந்தது. மாதச் சம்பளக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஜூலை முழுக்க ஏரிக்கரையில் இருக்கும் ஃபின்லாந்துக்காரர் மின்னஞ்சலைத் தொடமாட்டார். அதற்குள் நான்கு நாட்டு வக்கீல்கள் சேர்ந்து தலையணை கனத்துக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் நோட்டரி டாக்டர் ஸ்டுப்பேயின் அறையில் கூடினோம். எங்கள் ஊர்ச் சட்டப்படி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் நோட்டரி வாய்விட்டுப் படிக்க வேண்டும், எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

வெய்க்கோவும் விமானம் ஏறி வந்திருந்தார். ஆனால் அவர் உட்காருவதற்குள் டாக்டர் ஆரம்பித்துவிட்டார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவது வெய்க்கோவின் வழக்கமில்லை. காலை போயிற்று. லிஸ்பன்காரர் குறட்டை விட்டார். பாரிஸ்காரர் மேஜைக்கடியில் செய்தி அனுப்பினார். மத்தியானம் 'முதன்மை முதலீட்டாளராகிய வெய்க்கோ' என்ற இடம் வந்ததும் டாக்டர் தண்ணீர் குடித்தார். அந்த இடைவெளியில் வெய்க்கோ கையைத் தூக்கினார்.

"நான்தான் வேணாம்னு ஜூன்லயே சொல்லிட்டேனே. அப்போ மைக் மூடியிருந்துச்சு போல. அதான் மரியாதையா நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எல்லோரும் கெசினாவைப் பார்த்தார்கள். கெசினா பாரிஸ்காரரைப் பார்த்தார். பாரிஸ்காரர் லிஸ்பன்காரரை எழுப்பினார். வீப்கே பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

டாக்டர் மட்டும் கலங்கவில்லை. "ஆட்சேபணை இல்லை. பேரை எடுத்துடலாம். ஆனா பத்திரமே மாறிப்போகுது. சட்டப்படி முதல் வரியிலேருந்து மறுபடியும் படிக்கணும்." சொல்லிவிட்டு முதல் பக்கத்துக்குத் திருப்பித் தொண்டையைச் செருமினார்.

வெய்க்கோ அந்தத் தலையணையைப் பார்த்தார். "யாராவது பேனா குடுங்க," என்றார்.

வீப்கேயின் நிறுவனம் பிழைத்தது. ஆறு பேருக்கும் சம்பளம் வந்தது. குளிர்காலத்தில், அந்த ஆண்டின் மகா துணிச்சலான முதலீட்டாளர் என்று வெய்க்கோவுக்கு விருது கொடுத்தார்கள். இதன் ரகசியம் என்ன என்று மேடையில் கேட்டார்கள். அவர் யோக்கியர். வேண்டாம் என்றுதான் சொன்னேன், மைக் மூடியிருந்தது என்றார். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாளே கெசினா எங்கள் அலுவலகத்து மைக்குகளை எல்லாம் கழற்றிவிட்டார். யார் வந்து என்ன பேசினாலும் ஆழமாக மௌனம் காக்க வேண்டும் என்பது உத்தரவு. போன வாரம் ஒருவர் வந்து, சொந்தமாக ஒரு கடை வைக்க ஆசை என்று வெகுநேரம் பேசினார். நாங்கள் மூச்சுவிடவில்லை. அவர் கண்ணீரோடு எங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். பெர்லின் முதலில் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் பாரிஸும் லிஸ்பனும் அன்று மாலையே சேர்ந்துகொண்டன.

அவர் எங்கள் காபி மெஷினைச் சரிபார்க்க வந்தவர். போன் செய்து வரவழைத்ததே நான்தான். சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் குழந்தை குட்டி இருக்கிறது, அடுத்த மாதம் பதவி உயர்வும் வருகிறது.