உங்கள் இடமாறுதல் நடக்காமல் போன விதம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பயத்தோடு எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே கிடங்கில் எலித் தொல்லை குறைந்து, நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கேட்ட தலைச்சாயத்தை வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைக்கிறேன்.

"வம்சத்துலயே முதல் பட்டதாரி நீ. அமைச்சர் ஆபீஸ்லயே டைப் அடிக்கிறே. எங்க துறைக்கும் அவர்தான் அமைச்சர். மாமாவோட மாறுதலுக்காக ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா?" என்று போனில் கேட்டீர்கள். நியாயம்தான். அத்தை இரண்டு பிள்ளைகளோடு ஊரில், நீங்கள் கிடங்கு வேலைக்காக ஒரு பகல் தூரத்தில். சின்னவள் உங்களை 'லீவு அப்பா' என்று கூப்பிடுவது எனக்கும் தெரியும். ஆனால் மாமா, நான் வீட்டிலேயே கொஞ்சம் உப்பு வேண்டுமென்றால் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறவள். அமைச்சர் வரும்போது சொல்ல வேண்டும் என்று "வணக்கம் ஐயா"வைப் பழகி வைத்திருந்தேன். அதை நான் சொல்லி முடித்தபோது அவர் மாடிப்படி இறங்கிக் காரில் ஏறியிருந்தார்.

இப்படியிருக்க, அவருடைய ஐம்பதாண்டு அரசியல் வாழ்க்கையை நாடகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. எழுதி இயக்கியவர் எங்கள் மேனேஜரின் மச்சான். இளவயது அமைச்சராக நடித்தவர் கட்சியின் இளைஞர் அணிச் செயலாளர்; அவருக்கே பேரன் இருக்கிறான். "வசனத்தை எப்பண்ணே மனப்பாடம் பண்ணுவீங்க?" என்று டைரக்டர் கேட்டால், "தலைவர் வாழ்க்கை என் ரத்தத்துலயே ஓடுதுய்யா" என்பார். ரத்தத்தில் ஓடியதே தவிர வாய்க்கு வரவில்லை. அதனால் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். "யார் கண்ணிலயும் படாத வேலை" என்று மேனேஜர் சொன்னதும் நான் கை தூக்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை. இனிமேல் தூக்க மாட்டேன்.

இங்கே அமைச்சரின் உதவியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் 'நிழல்' என்பார்கள். எந்தக் கூட்டமானாலும் அமைச்சரின் இடது தோளுக்குப் பின்னால் நின்று, காதில் ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார். அமைச்சர் அதை அப்படியே வாங்கிச் சிங்கம் மாதிரி கர்ஜிப்பார். திறப்பு விழாவில் எதைத் திறக்கிறோம் என்பதே நிழல் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஒருமுறை நிழல் பதறிப்போய், "என் காலை மிதிக்கிறீங்க" என்று முணுமுணுக்க, அமைச்சர் கையை உயர்த்தி, "என் காலை மிதிக்கிறீர்கள்!" என்று முழங்கினாராம். எதிர்க்கட்சியைத்தான் சொல்கிறார் என்று கைதட்டல் அடங்கவே இல்லையாம்.

நாடகத்தன்று நிழலுக்குப் பல் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சு. அமைச்சர் முதல் வரிசையில் இடது ஓரம் உட்கார்ந்தார். மின்விசிறி அங்கேதான் இருந்தது. நான் மேடையின் இடது பக்கம், அட்டை மரத்துக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் அவர் இடது காதுக்கும் நடுவில் ஒரு துணிதான். டைரக்டர் வேறு, "இன்னிக்காவது வாயைத் திறந்து சொல்லும்மா, கொசுகூட உன்னைவிடச் சத்தமாப் பேசுது" என்று காலையிலிருந்து கெஞ்சியிருந்தார். நானும் துணிந்து கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவதென்று தீர்மானித்திருந்தேன்.

முதல் காட்சியிலேயே இளைஞர் அணிச் செயலாளர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரமாக நின்றுவிட்டார். நான், "அம்மா, எனக்குப் பசிக்கலை, தம்பிக்குக் கொடுங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் விழவில்லை. முதல் வரிசையில் அமைச்சர் விருட்டென்று எழுந்தார். "அம்மா! எனக்குப் பசிக்கவில்லை! தம்பிக்குக் கொடுங்கள்!" என்றார். உட்கார்ந்தார். அவருக்குத் தம்பியே கிடையாது மாமா. ஆனாலும் பழைய நினைவில் தலைவர் உருகுகிறார் என்று அரங்கத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். இரண்டாவது தடவை நீதிமன்றக் காட்சி. "இந்தத் தீர்ப்பை ஏற்க மாட்டேன்" என்று நான் சொல்ல, அமைச்சர் ஏற்க மறுத்தார். ஓடிப்போய் அவர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உங்களைப் பற்றி இப்போது ஒரு வரி சொன்னால் போதும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் மேடையில் இளைஞர் அணிச் செயலாளர் மறுபடி வசனத்தை மறந்துவிட்டார். அது ராஜினாமாக் காட்சி. இளவயதில் அமைச்சரை ஏதோ ஒரு பதவியிலிருந்து வெளியே அனுப்பினார்களாம். டைரக்டர் அதை ராஜினாமாவாகத் திருத்தியிருந்தார். நான் வசனத் தாளை மூடிவிட்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று அந்த அரங்கத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டைரக்டரோ என் தோளை உலுக்கி, "சொல்லித் தொலையேம்மா, மானம் போகுது!" என்றார். சொன்னேன்.

"மக்களுக்குப் பயன்படாத இந்தப் பதவி எனக்கு வேண்டாம்! இந்த நொடியே விலகுகிறேன்!" என்றார் அமைச்சர், மைக்கில், பத்திரிகைக்காரர்களுக்கு நடுவில். நிழல் பஞ்சோடு ஏதோ கத்தினார், யாருக்கும் புரியவில்லை. நாடகம் முடிவதற்குள் கட்சி மேலிடத்திலிருந்து போன் வந்தது. கனத்த மனதோடு ஏற்றுக்கொள்கிறார்களாம். இவ்வளவு சீக்கிரம் மனது கனத்து நான் பார்த்ததில்லை. அமைச்சர் வீட்டுக்குப் போகும் வழியில், "நாடகம் நல்லா இருந்துச்சு. முடிவுல அவன் ஏன்யா ராஜினாமா பண்றான்?" என்று கேட்டாராம்.

ஆகவே மாமா, கையெழுத்துப் போட இப்போது அமைச்சர் இல்லை. மாறுதல் பட்டியலும் இந்த வாரத்தோடு முடிகிறது. என்னால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. அத்தையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சின்னவளுக்கு என் முத்தம். கோபம் தீர்ந்த பிறகு எனக்கும் ஓர் ஆசி அனுப்புங்கள், அவசரமில்லை.

இப்படிக்கு,
வாய் இருந்தும் இல்லாத உங்கள் மருமகள்

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பார்சலைக் கட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. பதவியைத் தூக்கி எறிந்த தியாகி என்று அமைச்சர் வீட்டு வாசலில் கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. மேலிடம் பயந்துபோய்க் கெஞ்சிக் கூத்தாடி அவரை மறுபடி அமைச்சராக்கிவிட்டது. "அன்னிக்குப் பேசின மாதிரி நான் பேசினதே இல்லைய்யா. யார் சொல்லிக் கொடுத்தது?" என்று விசாரித்து, நேற்று பதவியேற்பு மேடையில் நிழலை ஒதுக்கிவிட்டு என்னைப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அமைச்சர் மைக் முன்னால் காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. எனக்கு எழுதிக் கொடுத்த பேச்சு மறந்துவிட்டது. மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "கிடங்குல கஷ்டப்படற என் மாமாவை ஊர்ப்பக்கம் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே முழங்கிவிட்டார். துறைச் செயலாளர் எழுதிக்கொண்டார். உங்கள் மனுவை அவர் மேசையில் வைத்துவிட்டேன், உத்தரவு தயார்.

ஒரே ஒரு சிக்கல். அமைச்சருக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய மாமா இந்தத் தள்ளாத வயதிலும் உழைக்கிறார், இத்தனை நாள் அவருக்கு ஒரு சலுகையும் செய்யாத நேர்மையைப் பாருங்கள் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கிவிட்டன. உத்தரவை நேரில் தர அதிகாரிகள் கேமராவோடு நாளை மறுநாள் அங்கே வருகிறார்கள். தலைச்சாயத்தைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கைத்தடி வைத்திருக்கிறேன். கொஞ்சம் குனிந்து நடங்கள்.