மடக்கும் போனுக்கு மூன்று சொட்டு எண்ணெய்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து இரண்டு நாள் கழித்து எனக்கே புரியாது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ல, ள, ழ மூன்றில் எது கைக்கு வந்ததோ அதைப் போட்டிருப்பேன். அச்சடிப்பவர் எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம். முடிந்திருந்தால் நானே திருத்தியிருப்பேன்.

அம்பத்தூரில் ஒரு பீரோ பட்டறையில் கதவுக்குக் கீல் வைப்பது என் வேலை. வீடு கோவில்பதாகையில். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் எஸ்தர் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். ஆக, வீட்டில் நானும் ஒரு ஃபேனும்தான். (ஃபேனாவது ஏதோ சத்தம் போடும்.)

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எஸ்தர் தன் பழைய போனை எனக்குக் கொடுத்தாள். பெண்கள் வைத்திருக்கும் பவுடர் டப்பா மாதிரி நடுவில் மடியும் போன். திறந்தால் பேசலாம், மூடினால் கட் ஆகும் என்று அவளே சரிபண்ணியும் கொடுத்தாள்.

அந்தப் போனில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூடல்தான். எனக்குப் பேச்சைத் தொடங்கவும் தெரியாது, முடிக்கவும் தெரியாது. “சரிங்க... அப்புறம்...” என்று நான் இழுப்பதைப் பார்த்து எதிரில் இருப்பவரே பாவப்பட்டுக் கிளம்பிவிடுவார். இதில் அந்தத் தொல்லை இல்லை. ‘டப்’பென்று மூடினால் பேச்சு முடிந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும், குனிந்து டிரில் போடும்போது விழாது. பாதி மடித்து மேசையில் வைத்தால் தானாகவே நிற்கும். ராத்திரி சாப்பிடும்போது அப்படித்தான் எதிரில் நிற்க வைப்பேன். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சும்மாதான் நிற்கும். இருந்தாலும் எதிரில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

குறையும் இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு மடிப்புத் தடம், விரல் வைத்தால் தட்டும். சார்ஜ் சாயந்திரம் வரை தாங்காது. வெளிப்பக்கச் சின்னத் திரையில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, நம் ரோட்டுப் புழுதி. இரண்டு மாதத்தில் கீலுக்குள் மண் புகுந்து, திறக்கும்போதெல்லாம் ‘கிரீச்’ என்றது.

இந்த நேரத்தில்தான் எஸ்தர் எனக்கு ஒரு வரன் பார்த்தாள். பெயர் ஸ்டெல்லா. நாற்பத்தெட்டு வயது, கணவரை இழந்தவர். பூந்தமல்லியில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி மூன்று முறை நாள் குறித்தாள். மூன்று முறையும் எனக்குக் காய்ச்சல் வந்தது. (உண்மையான காய்ச்சல்தான். பயத்தில் வந்தது.)

கடைசியில் எஸ்தர் சொன்னாள்: “அப்பா, நேர்லதான் பயம், போன்லயாவது மூஞ்சியக் காட்டு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு அவங்களே வீடியோ கால் பண்ணுவாங்க. இதுக்கும் ஏதாவது சாக்கு சொன்ன, இனிமே நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

அவள் அந்தப் பேச்சை எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்? நானா?

சனிக்கிழமை பட்டறையில் அந்தக் கிரீச் சத்தம் எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. அந்த அம்மா கூப்பிடும்போது முதல் சத்தமே இதுவாக இருந்தால் என்ன நினைப்பார்? இத்தனை வருடம் கீல் வேலை பார்த்தவனின் போன் கிரீச்சிடலாமா? எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். மூன்று சொட்டு விட்டேன். பீரோ கதவுக்குச் செய்வது போலவே, எண்ணெய் உள்ளே இறங்கட்டும் என்று பத்து முறை திறந்து மூடினேன்.

பக்கத்தில் வேலை பார்க்கும் மணி பார்த்துவிட்டான்.

“இன்னா அண்ணாத்தே, போனுக்குப் போயி எண்ண வுட்டுகினு கீற?”

“கீல்னா எல்லாம் ஒண்ணுதான் மணி.”

“பீரோவுல டிஸ்ப்ளே கீதா?”

தொழில் தெரியாதவனிடம் என்ன பேச்சு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சத்தம் சுத்தமாக நின்றது. மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து திறந்தால், மடிப்பிலிருந்து கறுப்பாக ஏதோ கீழே இறங்கியிருந்தது. மூன்றரை மணிக்குக் கீழ்ப்பாதித் திரை முழுக்கக் கறுப்பு. தொட்டாலும் அசையவில்லை. நானாக யாரையும் கூப்பிட முடியாது. ரிப்பேர் கடைக்கு ஞாயிறு விடுமுறை. யாராவது கூப்பிட்டால் திறந்து பேசலாம் என்பது மட்டும்தான் மிச்சம்.

நான்கு மணிக்கு மணியடித்தது. திறந்தேன். மேல்பாதியில் ஒரு நெற்றி, ஒரு கண்ணாடி, இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே இருட்டு.

“ஸ்தோத்திரங்க,” என்றது இருட்டு.

“ஸ்தோத்திரங்க,” என்று சொல்லி, போனைப் பாதி மடித்து மேசையில் நிறுத்தினேன்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. “ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கே இதுல இஷ்டமா, இல்ல பொண்ணு சொல்லுதேன்னு பேசறீங்களா?”

அதற்கான பதில் ஒரு வாரமாக என்னிடம் தயாராக இருந்தது. “எனக்கு...” என்று ஆரம்பித்தேன். எண்ணெய் குடித்த கீல் தளர்ந்து போயிருந்தது. போனின் மேல்பாதி மெதுவாக, மரியாதையாக, என்னைப் பார்த்துக் குனிந்தது. நான் பிடிப்பதற்குள் ‘டப்’.

மறுபடி கூப்பிட்டார். “என்னங்க, வெச்சிட்டீங்க?”

“நான் வெக்கலீங்க, அதுவா...”

“அதுவாவா?”

‘டப்.’

மூன்றாவது முறையும் கூப்பிட்டாரே, அந்தப் பொறுமையை என்ன சொல்வது! இந்த முறை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பதற்றத்தில், தயார் செய்த பதில் மறந்துபோய், தயார் செய்யாதது வாயில் வந்தது.

“ஊட்ல பேச ஆளில்லீங்க. சாப்புடும்போது இந்த போனத்தான் எதிர்ல நிக்க வெச்சிகினு சாப்புடறேன். இப்ப இதுவும் படுத்துடுச்சு.”

அவர் கண்கள் சுருங்கின. ஓரத்தில் தண்ணீர் தளும்பியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெண்ணை அழ வைத்துவிட்டேனே!

“அழாதீங்க,” என்றேன். “தயவுசெஞ்சு அழாதீங்க.”

இருட்டிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அந்த அம்மா ஏதோ சொன்னார். அதற்குள் மேல்பாதியும் கறுத்து, போன் செத்துப்போனது.

சாயந்திரம் மாடி வீட்டுக்காரர் தன் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். லைனில் எஸ்தர்.

“அப்பா! ரெண்டு வாட்டி அவங்க மூஞ்சி மேலயே மூடிட்டு, மூணாவது வாட்டி அழாதீங்கன்னியாமே! அவங்க சிரிச்சி சிரிச்சி மூச்சே நின்னுடும் போல இருந்துச்சாம்!”

“சிரிச்சாங்களா?”

“பின்ன! உனக்குத் தெரியலயா?”

வாய் தெரியாமல் கண்ணை மட்டும் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “கடைசில இன்னா சொன்னாங்களாம்?” என்று மட்டும் கேட்டேன்.

“இஷ்டமான்னு கேட்டதுக்கு பதில் வரல, இனிமே போன்ல வேணாம், இஷ்டம் இருந்தா நேர்ல வந்து சொல்லட்டும்னாங்க.”

அடுத்த வாரம் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். வெறுங்கையோடு ஒரு கடைக்குள் எப்படி நுழைவது? சாக்குக்கு ஒரு பேன்ட்டை எடுத்துப்போனேன். அவர் மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

“போன் சரியாச்சா?”

“இல்லீங்க. வேற வாங்கிட்டேன். மடங்காதது.”

“நல்லது. பேன்ட்ட என்ன பண்ணணும்?”

பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில் வேறு. “நீளம் ரெண்டு இஞ்ச் கொறைக்கணுங்க,” என்றேன். அந்த பேன்ட் எனக்குச் சரியான அளவுதான்.

அதை வாங்கப் போன அன்று சொல்லிவிடலாம் என்று போனேன். இன்னொரு பேன்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு இன்னொன்று. அவரும் எதற்கென்று கேட்பதில்லை. அளவெடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, “அடுத்த சனிக்கெழம வாங்க” என்பார். சனிக்கிழமைகளில் நான் இப்போதெல்லாம் ஷேவ் செய்துகொள்கிறேன்.

ஈஸ்டருக்கு வந்த எஸ்தர் என் கணுக்காலைப் பார்த்தவள்தான், விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் யாராவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், “அப்பா மாதிரி பேன்ட் கொறைக்கறியா?” என்பதுதான் பேச்சு. மருமகனும் சொல்கிறார். என்னிடம் ஒவ்வொரு வாரமும் போனில் ஒரே எச்சரிக்கை: “அப்பா, இருக்கறதெல்லாம் டவுசர் ஆகறதுக்குள்ள சொல்லிடு.”

இதை எழுதி முடித்த நாள்: ஆகஸ்ட் மாதம், கடைசி வெள்ளிக்கிழமை. கைவசம் குறைக்காத பேன்ட் ஒன்று.