அங்குலத்தாரும் ஐந்தரை அங்குலக் கூடாரமும்

வீட்டில் கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, மூன்று வேகத்தில் சுழலும் மின்விசிறியும் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பழைய வான் வண்டி ஒன்றின் தலையில் ஏறிப் படுக்க ஆசைப்பட்ட மடையன் நான். முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு எங்கள் பகுதிச் சனம் சட்டி பானையோடு போய், மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து ஒரு கிழமை, ஏழு நாளும், தங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழக்கமான மரம் ஒன்று உண்டு. உறுதிப் பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை; முதலில் கூடாரத்தை நிமிர்த்துகிறவனுக்கு நிழல். என் மனைவி றெஜினாவின் குடும்பத்துக்கு ஒரு பாலைமரம். ஒரு வருடம் நான் கூடாரக் கம்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு எது கால், எது தலை என்று யோசித்து முடிப்பதற்குள், றெஜினாவின் ஒன்றுவிட்ட தம்பி, வங்காலை மச்சான், ஒரு தறப்பாளை, மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் விரிப்பை, எறிந்து மரத்தைப் பிடித்துவிட்டான். நாங்கள் ஒரு கிழமை வெயிலில் கருவாடானோம். திரும்பி வரும் வழியில் றெஜினா பேசியது கொஞ்சம்தான்.

"அடுத்த முறையும் மரம் போச்செண்டால் நான் பிள்ளையளோட தம்பியின்ர தறப்பாளுக்குள்ள போயிடுவன். நீங்கள் உங்கட கம்பியளோட இருங்கோ."

அன்றிலிருந்து கைபேசியில் வாகனக் கூடாரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். வானின் கூரையில் பூட்டிவிட்டால் போய் நிறுத்தியதும் இரண்டு கொக்கியைத் தட்டலாம், அது தானாக எழும்பும். கம்பியும் இல்லை, கயிறும் இல்லை, மானமும் போகாது. றெஜினா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வான் போர்ட்டிக்கோவுக்குள்தான் நிற்கவேண்டும். முந்தின வானை உப்புக்காற்றுத் தின்ற கதை எங்கள் உப்புக்குளம் முழுக்கத் தெரியும். கடைசியில் கதவைத் திறந்தால் கைப்பிடி மட்டும்தான் கையோடு வந்தது. ஆகவே கூடாரம் எவ்வளவு மெல்லியது என்பதுதான் முழுக் கேள்வியும். அளவு என்று வந்துவிட்டால் மன்னாரில் ஓர் ஆள்தான் இருக்கிறார்.

அங்குலத்தார்.

மன்னார்த் தீவில் அவர் அளக்காத பொருள் கிடையாது. முச்சக்கரவண்டிக்கு ஹூட் தைப்பதும் சீற்றுக்குக் குஷன் அடிப்பதும் தொழில். வைத்தியரின் கழுத்தில் குழாய் கிடப்பதுபோல் அவர் கழுத்தில் அளவு நாடா. கலியாண வீட்டுக்குப் போனால் முதலில் கேக்கை அளப்பார். அவர் வாயில் பெரிது, சின்னது என்ற சொற்களே வராது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை அவர்கள் தொழிலில் நூல் என்பார்கள்; அந்த ஒரு நூலைக்கூட யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டார். மீன் சந்தையில் பேசாலைக்காரர் ஒருவர் "ரண்டடி விளைமீன்" என்று கூட்டம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் நாடாவை வைத்து, "பதினேழு அங்குலம், மூண்டு நூல். வாலையும் சேத்து" என்றார். அந்த மனிதர் இன்றுவரை அவருடன் கதைப்பதில்லை. மீனின் அளவையும் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆள் நூற்றுப் பதினைந்து கிலோவாவது இருப்பார். இருப்பார் என்று நான்தான் சொல்கிறேன். அவர் தராசில் ஏறமாட்டார். "நான் அளக்கிற ஆள், நிறுக்கிற ஆள் இல்லை" என்பார். கடைக்குப் பின்னாலுள்ள அறையில் தனியாக இருந்தார். திருவிழாக் காலத்தில் தெருவே பூட்டிக் கிடக்கும்போது அவர் கடை மட்டும் திறந்திருக்கும். ஏன் அண்ணை மடுவுக்கு வரவில்லை என்று கேட்டால், "ஆரோட போறது?" என்று கேட்டுவிட்டுத் தையல் மெசினை மிதிக்கத் தொடங்கிவிடுவார்.

கொழும்புக் கடை அனுப்பிய படங்களை அவரிடம் காட்டினேன். மூன்று வகை. ஒன்று, துணியை மடித்து மேலே வைப்பது. மூடினால் ஓரடி உயரம். இரண்டாவது, முன்பக்கம் படுத்திருக்கப் பின்பக்கம் மட்டும் வாய் பிளப்பது, எட்டு அங்குலம். மூன்றாவது, முழு மூடியும் நேரே எழும்புவது. மூடினால் ஐந்தரை அங்குலம், உள்ளே மெத்தை இரண்டே அங்குலம்.

"ரண்டு அங்குல மெத்தை காணுமோ அண்ணை?"

"மிச்சத்தை முதுகெலும்பு பாத்துக்கொள்ளும். படத்தைப் பாத்துச் சாமான் வாங்கிறவன் மனிசனோ? முதல்ல மாதிரி செய்து ஓடிப் பாப்பம்."

குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைகளை வெட்டி, மூன்றுக்கும் அச்சொட்டாக மாதிரி செய்தார். ஓரடி மாதிரியை வானில் கட்டிக்கொண்டு தீவுக்குப் போகும் பாலத்தில் ஓடினோம். சோளகக் காற்று அதைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டியது. வான் ஒரு பக்கம், மாதிரி மறுபக்கம். திரும்பிப் போய்த் தேடினால், கழுதை ஒன்று அதில் பாதியைத் தின்று முடித்திருந்தது. அங்குலத்தார் மிச்சத்தை அளந்துவிட்டு, "இது சரிவராது" என்றார். எட்டு அங்குலம் போர்ட்டிக்கோ வாசலிலேயே மடங்கிப் படுத்துவிட்டது.

மூன்றாவதுக்கு மழை பட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, அதைக் கறுப்பு ரெக்சினால் போர்த்தினார். வான் எப்படி ஆடுகிறது என்று கவனிக்க, "நீர் மெள்ள ஓட்டும், நான் பின்னால நடந்து வாறன்" என்றார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழடி நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. நடை வேகத்தில் ஒரு வான். பின்னால் தலையைக் குனிந்து, நெஞ்சில் நாடாவைப் பிடித்தபடி ஒரு பெரிய மனிதர். முதலில் ஒரு கடைக்காரர் கதவைப் பாதி சாத்தினார். பிறகு ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கிப் பின்னால் சேர்ந்தார். சந்திக்கு வரும்போது பதினைந்து பேர் எங்கள் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள்; இரண்டு பெண்கள் செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி அங்குலத்தாரைக் கேட்டாள்.

"ஆர் அண்ணை மோசம் போனது?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை. அளவு பாக்கிறம்."

"ஆருக்கு?"

அவர் என்னைக் காட்டினார். அவள் ஓட்டுநர் ஆசனத்திலிருந்த என்னைப் பார்த்தாள். "பெரிய வயசும் இல்லை. பாவம்" என்றுவிட்டுச் செபமாலையைத் தொடர்ந்தாள். பின்னேரம் எங்கள் வீட்டுக்கு இரண்டு குடும்பம் சீனியும் தேயிலையும் கொண்டுவந்து, றெஜினாவைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. நான்தான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஐந்தரை அங்குலம் என்று முடிவானது. கடைசி அளவு போர்ட்டிக்கோவில். என் வான் போர்ட்டிக்கோவை விடச் சற்று நீளம். உள்ளே விட்டால் பின்பகுதி வாசல் பீமுக்கு நேர் கீழே நிற்கும். "பயண நிலையில அளக்கோணும்" என்று அங்குலத்தார் பிடிவாதம் பிடித்தார். அரிசி மூட்டை, தண்ணீர்க் கலன்கள், அடுப்பு, றெஜினா, இரண்டு மகள்மார், நான் எல்லோரும் வானுக்குள். அவர் பின் பம்பரில் ஏறி நின்று, கூரைக்கும் பீமுக்கும் இடையில் நாடாவைப் பிடித்தார்.

"ஆறு அங்குலம். கூடாரம் ஐஞ்சரை. அரை அங்குலம் மிச்சம். காத்துப் போகும், கரப்பான் போகும். வேறென்ன போகோணும்?"

நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள்தான் கூடாரம் வந்து சேர்ந்தது. அவருடைய கடையில் பூட்டினோம். சாமானையும் வீட்டாரையும் ஏற்றி, பின் பம்பரில் அவரும் தொற்றிக்கொண்டு வர, வானைப் போர்ட்டிக்கோவுக்குள் விட்டேன். அரை அங்குலத்தில் வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தீரோ" என்று சொல்லி அவர் இறங்கினார். எங்கோ கிறீச் என்று ஒரு சத்தம். தெருவில் கழுதை என்று நினைத்துவிட்டு நான் போய்ப் படுத்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லோரும் ஏறி, வானைப் பின்னால் எடுத்தால் அது வரவில்லை. எஞ்சின் உறுமியது, பீமிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, வான் அந்த இடத்திலேயே நின்றது. கூடாரம் பீமைக் கீழிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது. ரயரில் காற்றைத் திறந்துவிடலாமே என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. நானும் நினைத்தேன். திறந்த காற்றைத் திரும்ப நிரப்ப அந்த நேரத்தில் என் வாய் மட்டும்தான் இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் றெஜினா. குரலில் தறப்பாள் தெரிந்தது. "தம்பியாக்கள் நாலு மணிக்கே வெளிக்கிட்டிருப்பாங்கள்."

நான் அங்குலத்தாருக்கு அழைத்தேன். இடுப்பில் கட்டிய சாரத்தோடு சைக்கிளில் வந்தார்.

"முட்டுது எண்டு விசர்க்கதை கதைக்காதையும்," என்று நிலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். முட்டிக்கொண்டுதான் நின்றது. முகம் வெளிறிவிட்டது. கிட்டப் பார்ப்போம் என்று பம்பரில் ஏறி நாடாவை வைத்தார். "இந்தா, அரை அங்குலம் கிடக்கு." இறங்கினார். இல்லை. ஏறினார். இருந்தது. இறங்கினார். இல்லை. மூன்றாம் தரம் ஏறி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "தம்பி, இந்தப் பீமில ஏதோ இருக்கு" என்றார்.

றெஜினா யன்னலால் தலையை நீட்டினாள். "அண்ணை, பீமில ஒண்டும் இல்லை. பம்பரில நீங்கள் நிக்கிறியள்."

அவ்வளவு நாளில் முதல் தடவையாக அந்த மனிதர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். உலகத்தை எல்லாம் அளந்தவர், அளக்கும்போது வானை அமுக்கிக்கொண்டு நின்ற தன்னைக் கணக்கில் எடுக்கவில்லை. பம்பரில் நிமிர்ந்து நின்றார். நான் வானைப் பின்னால் எடுத்தேன். வெண்ணெய்போல் வந்தது.

அவர் இறங்கிச் சைக்கிளை எடுக்கப் போனார்.

"எங்க போறியள்?" என்றாள் றெஜினா. "திரும்பி வந்து உள்ளுக்கு விடவும் நீங்கள் வேணும். ஏறுங்கோ."

"மாத்துச் சாரம் இல்லைப் பிள்ளை."

"இவற்ற கிடக்கு."

என் சாரம் அவருக்கு எங்கே வரை வரும் என்று அவர் அளக்காமலே தெரியும். ஆனாலும் ஏறினார்.

பாலைமரத்தடியில் மச்சான் ஏற்கெனவே ஒரு கம்பு நட்டுவிட்டான். தறப்பாள் தோளில் இருந்தது. நான் வானை மரத்தடியில் நிறுத்தி, இறங்கிக் கொக்கிகளைத் தட்ட, கூடாரம் மெதுவாக எழும்பத் தொடங்கியது. அதே நேரத்தில் அங்குலத்தார், பழக்கதோஷத்தில், நாடாவை எடுத்து மரத்தைச் சுற்றி அளந்தார். பிறகு மரத்திலிருந்து மச்சானின் கம்பு வரைக்கும் அளந்தார். மச்சான் திகைத்துப்போனான். இடம் பிரித்துக் கொடுக்க ஏதோ அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான்.

"ஐயா, நான் எவ்வளவு தள்ளியிருக்கோணும்?"

அங்குலத்தார் வானைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். "ஆக்கள் நடந்துபோக எண்டால், பதினாலு அடி."

மச்சான் கம்பைப் பிடுங்கிக்கொண்டு பதினாலு அடி தள்ளிப் போனான். அவர் சொன்ன அளவில் பிழையில்லை. யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அந்தக் கிழமை முழுக்க றெஜினா முதல் கோப்பைச் சோற்றை அவருக்குத்தான் போட்டாள். என் சாரம் அவர் முழங்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நின்றது. அதையும் அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு நான்கு ஆவணி போய்விட்டது. ஒவ்வொரு முறையும் வானை வெளியே எடுக்க அவர் வேண்டும், உள்ளே விட அவர் வேண்டும், இடையில் ஒரு கிழமை மடுவில் எங்களோடு வேண்டும். இந்த வருடம் வீட்டுக்குப் பூச்சு வேலை செய்ய வந்த மேசன், பீமின் அடியில் அழகுக்கு ஒட்டியிருந்த சீமெந்துப் பட்டியைக் கேட்காமலே கொத்தி எடுத்துவிட்டார். இப்போது கூடாரத்துக்கும் பீமுக்கும் நடுவே கை போகும்.

புறப்படும் காலையில் றெஜினா ஐந்து பாய்களைச் சுருட்டி வானுக்குள் வைத்தாள். ஒரு புதுச் சாரமும் வைத்தாள், பெரிய அளவில். நான் கைபேசியை எடுத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அண்ணை, வான் சிக்கீட்டுது. வாங்கோ."

வந்தார். நிலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். கழுத்திலிருந்து நாடாவை எடுத்து இடைவெளியில் நீட்டினார். இரண்டு அங்குலம், ஒரு நூல். நான் நின்ற இடத்துக்கே தெளிவாகத் தெரிந்தது. பேசாலை மீனுக்கு ஒரு நூல் விட்டுக்கொடுக்காத மனிதர் நாடாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசல் படலையடியில் நின்ற கழுதையைப் பார்த்தேன்.

"என்னண்ணை, எப்பிடி?" என்றேன்.

நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பம்பரில் ஏறினார்.

"சிக்கித்தான் நிக்குது."