எழுபத்திரண்டு

"கொஞ்சம் மேல வந்து அவரோட நாடியப் பாத்துட்டுப் போம்மா. நீதான் நர்ஸாச்சே" என்று வாசலில் வந்து நின்றாள் மாடிவீட்டு அத்தை.

அவள் நர்ஸ் இல்லை. நர்சிங் பட்டப்படிப்பில் சேர்ந்து முதல் பருவம்கூட முடியவில்லை. படித்து முடித்து, தேர்வெழுதி, லைசன்ஸ் கைக்கு வந்தால்தான் நர்ஸ். இது கல்லூரிக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அம்மாவிடம் மட்டும் எடுபடவில்லை. சீருடை தைத்து வந்த அன்றே குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

"அத்தை, எனக்கு இன்னும்..."

"நாடி பாக்கறதுக்கு என்னடி பிகு? வா, நானும் வர்றேன்" என்றாள் அம்மா.

பக்கவாதத்தில் படுக்கையாகிவிட்ட மாமா, ஜன்னல் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தார். போர்வை கழுத்துவரை இருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. விரலை நகர்த்தினாள். அப்போதும் இல்லை. வகுப்பிலும் இப்படித்தான், தோழியின் கையில் கட்டைவிரலை வைத்துத் தன் நாடியையே எண்ணி, ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"எவ்வளவுடி?"

"எழுபத்தி ரெண்டு." புத்தகத்தில் இருந்த எண்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே ஓடிப்போய் பி.பி. மெஷினை எடுத்து வந்தாள். அது மாமாவின் கையை இறுக்கிப் பார்த்துவிட்டு எண்ணே காட்டாமல் அணைந்தது.

"பேட்டரி போயிருக்கும்மா" என்று அவள் சமாளித்தாள்.

அம்மா புது பேட்டரி போட்டாள். அப்படியும் காட்டவில்லை. தன் கையில் சுற்றிப் பார்த்தாள், நூற்றறுபது காட்டியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீதான் சரியாக் கட்டல."

அத்தை மட்டும் அவசரப்படவில்லை. டீ போட்டு எடுத்து வந்தாள். "நிதானமாப் பாரும்மா. காலேஜெல்லாம் எப்படிப் போகுது? உக்காந்து சொல்லேன்."

அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பிடித்திருந்த கை சில்லென்றிருந்தது. குளிர்ந்தது தன் கையா அவர் கையா என்றே பிடிபடவில்லை. சொன்ன பொய்யை நம்பி இவர்கள் டாக்டரைக் கூப்பிடாமல் இருந்துவிட்டால்?

"அத்தை, மன்னிச்சுடுங்க" என்று உடைந்தாள். "எழுபத்தி ரெண்டு பொய். எனக்கு நாடியே கிடைக்கல. நான் நர்ஸே இல்ல, இப்பத்தான் சேந்திருக்கேன். யாராவது டாக்டரக் கூப்பிடுங்க."

அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ சரியாத்தாம்மா பாத்திருக்கே. அவரு விடியறப்பவே போயிட்டாரு. பையன் வர்ற வரைக்கும் தனியா உக்காந்திருக்க முடியல, அதான் கூப்பிட்டேன்."